‘தூங்கட்டும், எழுப்பாதீங்க’: இடுப்பு அறுவைக்குப் பின் நிலை தடுமாறிய ஒரு மூதாட்டி – நிகழ்வு ஆய்வு

முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸ்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே “பெத்த பொண்ணு மாதிரி பார்த்துக்கிட்டாங்க” என்று முடித்துவிடுகிறோம். அந்தப் பாராட்டு உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்த நர்ஸ் எதைப் பார்த்தார், பார்த்ததும் என்ன செய்தார், அவர் டூட்டி முடிந்து போன பிறகு அது எப்படித் தொடர்ந்தது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. நர்சிங் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்க நினைத்தால் கையில் பாராட்டு மட்டும்தான் மிஞ்சும். கடலூரில் ஒரு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் நடந்த இந்த நிகழ்வை அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். மாணவிகளை வார்டுப் பயிற்சிக்கு அழைத்துப் போகும் ஆசிரியை நான். இதில் பாதி நேரில் பார்த்தது. மீதி கேஸ் ஷீட்டிலும் நர்ஸ் குறிப்பேட்டிலும் இருந்தது, குடும்பத்தாரிடம் கேட்டது. நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளி

78 வயது மூதாட்டி. பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கணவர் இல்லை; இளைய மகன் வீட்டில் இருக்கிறார். முந்திரிக்கொட்டை உடைப்பது தொழில். வறுத்த கொட்டையை இடது கையால் கல்லின் மேல் நிறுத்தி, வலது கையில் இருக்கும் கட்டையால் ஒரே தட்டு. ஓடு பிளக்க வேண்டும், பருப்பு சிதையக் கூடாது. ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும் என்பதால் விரலில் சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள். அப்படியும் வருஷக்கணக்கில் செய்தால் விரல் நுனி கறுத்துக் காய்த்துப்போகும்.

இந்த விரல்கள் மருத்துவமனையில் முதல் நாளே வேலை வைத்தன. காப்பீட்டுத் திட்டப் பதிவுக்குக் கைரேகை விழவில்லை. மகனுடைய செல்போனுக்கு வந்த எண்ணை வைத்துப் பதிவை முடிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை விரலில் மாட்டினால் 88, 84 என்று தாவியது. காது மடலுக்கான கிளிப்பைத் தேடி எடுத்து மாட்டியதும் 97.

பத்து வருஷமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை. அதோடு சிறுநீர் போகச் செய்யும் தயசைடு வகை மருந்தும் சேர்ந்தது. ஒரு கண்ணில் புரை அறுவை ஆகியிருக்கிறது, கண்ணாடி உண்டு. வலது காது மந்தம். இன்னொரு மாத்திரையும் இருந்தது, ஆனால் சேர்க்கைக் குறிப்பில் அது ஏறவில்லை: கை அரிப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் தானே கேட்டு வாங்கி ராத்திரியில் போட்டுக்கொள்ளும் குளோர்பெனிரமைன். “அதைப் போட்டா நல்லா தூக்கமும் வரும்” என்பாராம்.

ஒரு ராத்திரி பின்கட்டுக்குப் போகும்போது வழுக்கி விழுந்தார். முதலில் ஊரிலேயே எண்ணெய்க் கட்டுப் போட்டு இரண்டு நாள் பார்த்திருக்கிறார்கள். வலி அடங்காமல் 108-ஐக் கூப்பிட்டு கடலூர் கொண்டுவந்தார்கள். இடது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருந்தது. சேர்ந்த மூன்றாம் நாள் முதுகில் மரப்பு ஊசி போட்டு, இடுப்புப் பந்தை மாற்றும் அறுவை நடந்தது. அறுவையில் எந்தச் சிக்கலும் இல்லை.

அறுவைக்கு முந்தின சாயங்காலம் இவர் மகனோடு கூலிக் கணக்கில் சண்டை போட்டார். எத்தனை கிலோ உடைத்தோம், எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு குறைத்துவிட்டார்கள் என்று வாய்க்கணக்காகச் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தச் சண்டை பின்னால் ரொம்பப் பயன்பட்டது.

அறுவைக்கு அடுத்த ராத்திரியும் பகலும்

அறுவை நடந்த அன்று ராத்திரி பதினொரு மணிக்கு மேல் மூதாட்டி கத்த ஆரம்பித்தார். “ஓடு பறக்குது, மாட்டை அவுத்து விடுடா” என்று மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். டிரிப் ஊசியைப் பிடுங்கிவிட்டார். படுக்கை விரிப்பெல்லாம் ரத்தம். கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார். அறுவை செய்த கால் ஊன்றினால் என்ன ஆகும் என்ற பயம் எல்லோருக்கும். டூட்டியில் ஒரே நர்ஸ், வார்டில் நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவான நோயாளிகள். போனில் டாக்டரிடம் கேட்டு, தூங்க வைக்கும் புரோமெத்தசின் ஊசி போட்டார். இரண்டு மணிக்கட்டையும் ரோலர் பேண்டேஜால் கட்டில் கம்பியில் கட்டினார்கள். அவரைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. அந்த நேரத்தில், அந்த ஆள் பலத்தில், நிறைய வார்டுகளில் இதுதான் நடக்கும்.

காலையில் சத்தம் அடங்கிவிட்டது. வழக்கம்போல் சிறுநீர்க் குழாயை எடுத்தார்கள். ரவுண்ட்ஸில் “எப்படி இருக்காங்க?” என்று கேட்டதற்கு மருமகள், “ராத்திரிதான் ஒரே ரகளை, இப்ப நல்லா தூங்குறாங்க” என்றார். தூங்கட்டும், எழுப்பாதீங்க என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். காலை இட்லியும் மதியச் சாப்பாடும் அப்படியே இருந்தன. கையில் கட்டும் அப்படியே இருந்தது.

மதிய டூட்டி

மதியம் வந்த ஸ்டாஃப் நர்ஸ் பதினோரு வருஷ அனுபவம் உள்ளவர். வார்டில் அவருக்கு இனிமையானவர் என்ற பெயரெல்லாம் கிடையாது. பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருக்கும். மாணவிகள் அவரிடம் போகவே தயங்குவார்கள். கட்டிலருகே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி மருமகளிடம்.

“அக்கா, இவங்க முந்தாநேத்து எப்படி இருந்தாங்க?”

“நல்லாத்தான் இருந்தாங்க சிஸ்டர். அவர்கிட்ட கூலி சண்டையெல்லாம் போட்டாங்களே.”

“வீட்ல எப்பவாச்சும் இப்படி ஆள் தெரியாம பேசினது உண்டா? ராத்திரில வழி தெரியாம போறது?”

“ஐயோ, அத்தைக்கு ஞாபகம் எங்களைவிட ஜாஸ்தி.”

அதாவது இரண்டு நாளைக்கு முன் தெளிவாக இருந்தவர். மறதி நோய் இரண்டு நாளில் வராது. மூதாட்டியின் இடது காதுப் பக்கம் போய்க் குனிந்து, “ஆயா” என்று உரக்கக் கூப்பிட்டார். கண் திறந்தது, மூடிக்கொண்டது. தோளைத் தட்டி எழுப்பி, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். “ஞாயிறு… சனி…” என்றவர் நிறுத்தி, “அடுப்புல என்னமோ தீயுது” என்றார். இன்னொரு முறை கேட்டபோது சனியோடு நின்றுவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் இந்தக் கிழமை விளையாட்டு நன்றாகவே வேலை செய்யும். கவனம் நிலைக்கிறதா என்றுதான் பார்க்கிறோம், படிப்பை அல்ல.

டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பத்தைக் கண்டுபிடிக்க 1990-இல் வெளியான ஒரு மதிப்பீட்டு முறை உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: திடீரென்று ஆரம்பித்து ஏறி இறங்குகிறதா, கவனம் நிற்காமல் போகிறதா, பேச்சு கோர்வையில்லாமல் இருக்கிறதா, விழிப்பு நிலை மாறியிருக்கிறதா. முதல் இரண்டும் இருந்து, மற்ற இரண்டில் ஒன்று இருந்தால் டெலிரியம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இவருக்கு நான்கும் இருந்தன. ராத்திரி கத்தியதும் பகலில் சுருண்டு கிடந்ததும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். கத்துகிற முகம் எல்லோர் கண்ணிலும் படும். அமைதியாகக் கிடக்கும் முகம் ‘ஓய்வெடுக்கிறார்’ என்ற பெயரில் தப்பிவிடும். ஆபத்து அதிலும் குறைவில்லை. சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், அசையாமல் கிடந்து நுரையீரல் சளியும் படுக்கைப் புண்ணும் வருவது பெரும்பாலும் இந்த அமைதியில்தான்.

பிறகு நர்ஸ் போர்வையை விலக்கித் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த நிகழ்வின் மொத்த விஷயமும் அந்த இருபது நிமிஷத்தில்தான் இருக்கிறது.

நாக்கு வறண்டு, மேலே பிளவு விட்டிருந்தது. படுக்கை நனைந்திருந்தது. “காலையிலேருந்து ரெண்டு தடவை துணி மாத்திட்டேன், அப்பப்ப கொஞ்சமா போயிடுது” என்றார் மருமகள். சிறுநீர் போகிறது என்றுதான் குறிப்பேட்டிலும் இருந்தது. நர்ஸ் தொப்புளுக்குக் கீழே கையை வைத்து அழுத்தினார். மூதாட்டி முகம் சுளித்து முனகினார். வயிறு கெட்டியாக, தொப்புள் வரை மேடாக இருந்தது. விரலால் தட்டினால் மந்தமாகக் கேட்டது. டாக்டரிடம் சொல்லிக் குழாய் போட்டபோது 900 மில்லி வந்தது. நிரம்பி வழிந்த துளியைத்தான் காலையிலிருந்து ‘போகிறது’ என்று கணக்கில் எடுத்திருந்தார்கள். மரப்பு ஊசி, அசையாத படுக்கை, புரோமெத்தசின் மூன்றும் சேர்ந்தால் முதியவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். புரோமெத்தசினும் குளோர்பெனிரமைனும் ஒரே குணம் கொண்ட மருந்துகள். நீர்ப்பையின் தசையைச் சோம்பலாக்கும், குடலை மந்தமாக்கும், வாயை உலர்த்தும், மூளையைக் குழப்பும்.

மலம் போய் எத்தனை நாள்? யாருக்கும் தெரியவில்லை. விழுந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் ஆறு நாள்.

வலி மாத்திரை ‘கேட்டால் கொடுக்கவும்’ என்று எழுதியிருந்தது. கேட்கிற நிலையில் அவர் இல்லை. ஆக ஒரு மாத்திரைகூடப் போகவில்லை.

கண்ணாடி எங்கே? அறுவை அரங்குக்குப் போகும்போது கழற்றி வாங்கி மருமகளின் பைக்குள், புடவை மடிப்பில் பத்திரமாக இருந்தது.

கடைசியாகக் குதிகால். இங்கே நர்ஸ் செய்ததை மாணவிகள் கவனிக்க வேண்டும் என்று நான் அருகில் கூப்பிட்டேன். படுக்கைப் புண்ணின் முதல் கட்டம் தோல் சிவப்பது என்றுதான் பாடப்புத்தகத்தில் படம் இருக்கும். நம் ஊர்க் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. அவர் புறங்கையை முதலில் வலது குதிகாலிலும் பிறகு இடதிலும் வைத்தார். இடது குதிகால் சூடாக இருந்தது. பிறகு கட்டை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். வலதில் கெட்டியாக இருந்த இடம் இடதில் அளிந்த பழம்போல் அமுங்கியது. தொட்டதும் காலை இழுத்துக்கொண்டார். புண் வரும் அபாயத்தை மதிப்பிடும் பிரேடன் அளவுகோலில் 13 வந்தது; 18 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே கவனம் தேவை. வார்டில் ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டுத் தேய்த்துவிடும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. அன்று பணியாளர் பாட்டிலோடு வந்தபோது, “அங்க தேய்க்காதீங்க, உள்ள ஏற்கெனவே நசுங்கியிருக்கு” என்று திருப்பி அனுப்பினார். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்தார்.

இதையெல்லாம் டூட்டி டாக்டரிடம் சொன்னபோது முதலில் வந்த பதில், “வயசானவங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்சம் அப்படித்தான் சிஸ்டர் இருக்கும்.”

“முந்தாநேத்து சாயங்காலம் கூலிக் கணக்கு பைசா வரைக்கும் சொன்னவங்க சார். இன்னிக்கு சனிக்கு முன்னாடி வெள்ளின்னு சொல்லத் தெரியல. யூரின் 900 அடைச்சிருந்தது. பி.பி. மாத்திரைல தயசைடு இருக்கு, அது இன்னும் ஓடுது. நேத்துலேருந்து டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்தான். சோடியம் ஒண்ணு பார்த்துடலாமா?”

டாக்டர் உடனே எழுந்து வந்தார். அவர் கெட்டவரில்லை, நல்ல தகவல் வரிசையாக வந்தால் கேட்கிறவர்தான். தயசைடும் டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைத் தண்ணீர் டிரிப்பும் ரத்தத்தில் சோடியம் என்ற உப்பைக் குறைக்கலாம்; அது குறைந்தால் மூளை குழம்பும். சோடியம் 124. சேரும்போது 133 இருந்தது; இருக்க வேண்டிய அளவு 135 முதல் 145. தயசைடை நிறுத்தி, டிரிப்பை மாற்றி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுக்கச் சொன்னார். ஒரு நாளில் 8-க்கு மேல் ஏறக் கூடாது என்று கேஸ் ஷீட்டில் அடிக்கோடிட்டு எழுதினார். குறைந்த சோடியத்தை அவசரப்பட்டு ஏற்றினால் மூளைத் தண்டில் நரம்பு உறைகள் சிதைந்து, நோயைவிடப் பெரிய சேதம் வரும். பாரசிட்டமால் ‘கேட்டால்’ என்பதிலிருந்து ‘நேரத்துக்கு’ என்று மாறியது. மலமிளக்கி, எனிமா. புரோமெத்தசின், குளோர்பெனிரமைன் இரண்டும் கூடாது என்று சிவப்பு மையில் எழுதினார்.

கைகள்

கட்டை அவிழ்ப்பதுதான் வார்டில் விவாதமானது. அவிழ்த்தால் மறுபடி டிரிப்பைப் பிடுங்குவார், சிறுநீர்க் குழாயை இழுப்பார் என்றார்கள். நர்ஸ் அவிழ்த்துவிட்டு, கட்டிலருகே நின்று சும்மா பார்த்தார். மூதாட்டியின் கைகள் சும்மா இல்லை. இடது கையின் கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் போர்வை மேல் எதையோ நிறுத்தி வைத்தன. வலது முஷ்டி லேசாகத் தட்டியது. பிறகு இடது கை எதையோ எடுத்து ஓரமாகப் போட்டது. திரும்பவும் அதேதான். காற்றைப் பிடிக்கிற கை, துணியைப் பிய்க்கிற கை என்று டெலிரியம் பற்றிய பாடத்தில் வரும். இது அப்படித் தெரியவில்லை. ஒரு ஒழுங்கு இருந்தது.

“என்ன பண்றாங்க இவங்க?”

மருமகள் பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரித்தவருக்கே கண் கலங்கிவிட்டது. “கொட்டை உடைக்கிறாங்க சிஸ்டர்.”

வாழ்நாள் முழுக்கச் செய்த தொழிலைக் கை தானாகச் செய்வது டெலிரியத்தில் பார்க்கக்கூடியதே. கை எதையாவது தேடுகிறது. கிடைப்பது டிரிப் குழாய் என்றால் அதைப் பிடுங்குகிறது. ஒரு மாணவி வேர்க்கடலை வாங்கிவரட்டுமா என்று கேட்டாள். நல்ல எண்ணம்தான், ஆனால் பாதி மயக்கத்தில் வாயில் போட்டுக்கொண்டால் மூச்சுக்குழலில் போய்விடும் என்று நர்ஸ் வேண்டாம் என்றார். மணிக்கட்டைக் கட்டியிருந்த அதே ரோலர் பேண்டேஜைப் பிரித்து மடியில் போட்டு, “ஆயா, இதைச் சுத்திக் குடுங்க, வேலை கிடக்கு” என்றார். மூதாட்டி சுற்ற ஆரம்பித்தார். கோணல் மாணலாகத்தான் சுற்றினார். சுற்றி முடித்ததும் மருமகள் பிரித்து மறுபடி கொடுத்தார். டிரிப் ஊசியை மணிக்கட்டிலிருந்து முன்னங்கைக்கு மாற்றி மேலே துணிச்சுற்று போட்டு மறைத்தார்கள். கண்ணில் படாத குழாயைக் கை அவ்வளவாகத் தேடவில்லை. அதற்குப் பிறகு அவர் கையைக் கட்ட வேண்டி வரவில்லை.

தகரச் சத்தம்

அன்று சாயங்காலம் மழைக் காற்று ஆரம்பித்தது. மூதாட்டி மறுபடி, “ஓடு பறக்குது” என்றார். நர்ஸ் தலைமாட்டில் நின்று காது கொடுத்தார். ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரையில் ஒரு மூலை ஆணி கழன்று, காற்றடிக்கும்போதெல்லாம் பட படவென்று அடித்துக்கொண்டிருந்தது. கட்டிலில் படுத்தால் நேராகத் தலைக்குள் கேட்கும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அந்தக் காற்றைக் கேட்டவர்களுக்கு இன்றும் தகரச் சத்தம் வெறும் சத்தமில்லை. இந்தக் குடும்பத்தில் அன்று ஓட்டுக்கூரை போனது, ஒரு மாடும் செத்தது என்று மருமகள் சொன்னார். ஆக மூதாட்டி இல்லாததைக் கேட்கவில்லை. இருக்கிற சத்தத்தைக் குழம்பிய மூளை பழைய ராத்திரியில் கொண்டுபோய் வைத்துவிட்டது.

இந்த மாதிரி நேரத்தில் என்ன பேசுவது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. “புயலெல்லாம் இல்ல, சும்மா படுங்க” என்று மறுத்தால் பயம் அதிகமாகும். “ஆமா, மாட்டைக் கட்டிட்டோம்” என்று ஒத்து ஊதினால் குழப்பத்துக்குச் சாட்சி சொன்னதாகிவிடும். நர்ஸ் மகனுக்குப் போன் போடச் சொன்னார். மகன், “அம்மா, மாடு கொட்டாயில நிக்குது, நான் இப்பதான் தண்ணி காட்டினேன்” என்றார். அது நிஜம். பிறகு நர்ஸ், “ஆயா, இது கடலூர் ஆஸ்பத்திரி. கால் ஒடிஞ்சு ஆபரேஷன் ஆயிருக்கு. சத்தம் வெளிய தகரம்” என்று மூன்றே வரியில் சொன்னார். அதே மூன்று வரியைக் குடும்பத்தாரும் மற்ற நர்ஸ்களும் சொல்லும்படி எழுதி ஒட்டினார். கட்டிலைக் கிழக்கு ஜன்னல் பக்கம் மாற்றினார்கள். அங்கே தகரம் கேட்காது, காலை வெயிலும் வரும். மருமகள் கீழே கடையிலிருந்து தினசரி காலண்டர் ஒன்று வாங்கிவந்து மாட்டினார். காலையில் தாள் கிழிப்பது மூதாட்டியின் வேலை.

ராத்திரியை ஒப்படைப்பது

ஒரு நர்ஸ் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் எட்டு மணி நேரம்தான். நானறிந்து நல்ல பராமரிப்பு அறுந்துபோகும் இடம் டூட்டி மாறும் நேரம். “பெட் நம்பர் இன்னது, இடுப்பு, ஸ்டேபிள்” என்று ஒப்படைத்துவிட்டுப் போவது எளிது. இவர் அரைத் தாளில் எழுதி கேஸ் ஷீட்டின் மேலேயே பின் அடித்தார். வாக்கியங்கள் அப்படியே:

“டெலிரியம். இடது காதுப் பக்கம் நின்று பேசவும். கண்ணாடி போட்டே இருக்கட்டும், தூங்கும்போது மட்டும் தலைமாட்டில். கை கட்ட வேண்டாம்; பேண்டேஜ் சுற்றக் கொடுக்கவும். தண்ணீர் கேட்க மாட்டார், ஒவ்வொரு முறை போகும்போதும் இரண்டு வாய், உட்கார வைத்து. புரட்டும்போது முழங்கால்களுக்கு நடுவில் தலையணை. குதிகால் எதிலும் படக் கூடாது. பத்து மணிக்கு மேல் மேல்விளக்கு வேண்டாம். இரவு சோடியம் ரத்தம் எடுக்கும்போதே பி.பி., காய்ச்சல், புரட்டுதல் எல்லாம் முடித்துவிடவும்.”

கடைசி வரி முக்கியம். ஒரு மணிக்கு பி.பி., மூன்று மணிக்குப் புரட்டல், நான்கு மணிக்கு ரத்தம், ஐந்து மணிக்கு ஸ்பஞ்ச் என்று எழுப்பிக்கொண்டே இருந்தால் தெளிவாக இருப்பவருக்கே தலை சுற்றும்.

அந்த ராத்திரி நர்ஸ் இதில் முக்கால்வாசி செய்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட அவரால் முடியவில்லை. நடுவில் ஒரு விபத்துக் கேஸ் வந்துவிட்டது. மருமகளுக்குப் புரட்டும் முறையை மாலையிலேயே கற்றுக்கொடுத்திருந்ததால் இரண்டு முறை அவரே, பக்கத்துக் கட்டில் பெண்ணின் துணையோடு, முப்பது டிகிரி சாய்த்து முதுகுக்குத் தலையணை வைத்தார். மூதாட்டி இரண்டு மணி வரை முணுமுணுத்துவிட்டுத் தூங்கினார். ஊசி எதுவும் போடவில்லை.

பிறகு நடந்தது

மறுநாள் சோடியம் 131, அதற்கடுத்த நாள் 134. எனிமாவுக்குப் பிறகு வயிறு இறங்கியது. இரண்டு நாள் கழித்துக் குழாயை எடுத்தபோது தானாகச் சிறுநீர் போனார். எழுந்து நிற்பதை அறுவைக்கு மூன்றாம் நாள் வாக்கரோடு ஆரம்பித்தார்கள். முதலில் கட்டிலோரம் உட்கார வைத்ததும் தலை சுற்றியது, பி.பி. இறங்கியிருந்தது. கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு நிறுத்தினார்கள். நான்காம் நாள் காலையில் கிழமைகளைப் பின்னாலிருந்து புதன் வரை சொன்னார். ஐந்தாம் நாள் முழுக்கச் சொல்லிவிட்டு, “இதை எத்தன தடவ கேப்ப பாப்பா?” என்று நர்ஸைக் கேட்டார்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. இடது குதிகாலில் கொப்புளம் வரத்தான் செய்தது. சேதம் ஏற்கெனவே உள்ளே நடந்திருந்தது. அது ஆற ஐந்து வாரம் ஆனது. வீட்டுக்குப் போன பிறகும் சில வாரம் விளக்கு வைக்கும் நேரத்தில் லேசாகத் தடுமாறினார் என்று குடும்பத்தார் சொன்னார்கள். கை கட்டப்பட்டது அவருக்கு நினைவிருந்தது. யார் கட்டினார்கள் என்று தெரியவில்லை, எதற்கென்று புரியவில்லை. “என்னமோ தப்பு பண்ணிட்டேன் போல” என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறார். டெலிரியத்தில் இருந்தவர்களுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

எது வேலை செய்தது?

கண்ணாடி, காலண்டர், பேண்டேஜ் சுற்றுவது, மகனின் போன் ஆகியவைதான் வார்டில் பேசப்பட்டன. மாணவிகள் எழுதிய குறிப்புகளிலும் அவைதான் முன்னால் நின்றன. எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம் உண்டு. 1999-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு ஒன்று 70 வயது தாண்டிய 852 உள்நோயாளிகளிடம் இதைச் சோதித்தது. கண்ணாடி, காதுக் கருவி, தண்ணீர், தூக்கம், நடமாட்டம், நாள் கிழமை நினைவூட்டல் ஆகியவற்றைத் திட்டமிட்டுக் கவனித்தவர்களில் 9.9 சதவீதத்தினருக்கு டெலிரியம் வந்தது. வழக்கமான பராமரிப்பில் 15 சதவீதத்தினருக்கு. ஆனால் டெலிரியம் வந்துவிட்ட பிறகு இந்த ஏற்பாடுகள் அதன் தீவிரத்தைக் குறைத்ததாக அந்த ஆய்வில் தெரியவில்லை. அதாவது இவை வருமுன் காக்கும் வேலைகள். கண்ணாடி அறுவை முடிந்த சாயங்காலமே முகத்துக்கு வந்திருக்க வேண்டும்.

இந்த மூதாட்டி மீண்டதற்கு முதல் காரணம், வயிற்றில் கை வைத்துப் பார்த்ததும், மாத்திரைப் பட்டியலைப் படித்ததும், சோடியம் கேட்டதும்தான் என்பது என் கணிப்பு. மற்றவை கையைக் கட்டாமலும் மயக்க ஊசி போடாமலும் அந்த நான்கு நாளைக் கடக்க உதவின. அதுவும் சின்ன விஷயமில்லை.

அந்த நர்ஸுக்கு வார்டு தலைமை, “தாய் உள்ளம்” என்று பாராட்டுக் கடிதம் கொடுத்தது. அவர் அதை அலமாரியில் போட்டுவிட்டு, ராத்திரி டூட்டிக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று எழுதிக்கொடுத்த மனு என்ன ஆச்சு என்று கேட்டார். தாய் உள்ளம் இருந்தால் நாற்பது பேரை ஒருத்தி பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இந்தப் பாராட்டுகளுக்குள் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை.

வீட்டுக்குப் போன பின்

டிஸ்சார்ஜ் சமயத்தில் தயசைடு இல்லாத பி.பி. மாத்திரை எழுதினார்கள். கால்சியம், வைட்டமின் டி சேர்ந்தன. குத்துக்கால் இட்டு உட்காரவோ சம்மணம் போடவோ கூடாது. கழிப்பறைக்கு நாற்காலி வகை இருக்கை. பின்கட்டுக்குப் போகும் வழியில் மகன் ஒரு பல்பு போட்டார். 2021 ஆகஸ்ட் 5 முதல் தமிழ்நாட்டில் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயரைப் பதிந்துவிட்டதால் பி.பி. மாத்திரை வீட்டுக்கே வந்தது, நடைப் பயிற்சிக்கு பிசியோதெரபிஸ்டும் வந்துபோனார்.

ஆறாவது வார ரிவியூவில் சோடியம் 137. குதிகால் மூடியிருந்தது. வாக்கரோடு வாசல் வரை நடக்கிறார். தரையில் உட்கார முடியாததால் கொட்டை உடைக்கும் கல்லை மகன் ஒரு மேசை மேல் வைத்துக் கொடுத்திருக்கிறார். உயரத்தில் தட்டு சரியாக விழவில்லை, பருப்பு சிதைகிறது, சிதைந்தால் கூலி போய்விடுகிறது என்று டாக்டரிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

நர்ஸும் அன்று ஓ.பி.க்கு வந்திருந்தார். “ஆயா, சுருக்குப் பையைக் காட்டுங்க” என்றார். வெற்றிலை, சில்லறை, காகிதத்தில் மடித்த விபூதியோடு அரிப்பு மாத்திரையின் பாதி அட்டையும் வந்து விழுந்தது. மருமகள் திட்ட ஆரம்பித்தார். நர்ஸ் அவரை நிறுத்திவிட்டு மூதாட்டியின் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். எண்ணெய் பட்ட இடமெல்லாம் தோல் வெடித்துப் புதிதாகப் புண்ணாகியிருந்தது. அரிப்பு நிஜம், அதற்கு இதுவரை யாரும் வைத்தியம் பார்க்கவில்லை. அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, தோல் பிரிவுக்கு ஒரு சீட்டு போடச் சொல்லி டாக்டரிடம் ஓ.பி. நோட்டை நீட்டினார்.